துண்டால் மூடிய வாய்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியது நாலைந்து கடுதாசி இருக்கும், அவ்வளவுதான். முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் போட்டுவிடுவேன். மறதியும் வந்துவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் சின்ன மருமகள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். "வேலையில அடிபட்டு வர்றவங்களுக்குக் கையைப் பாக்கறாங்க, காலைப் பாக்கறாங்க. வாயை யாரும் பாக்கறதில்ல அத்தே. மாமாவுக்கு நடந்தத நீங்க எழுதிக் குடுங்க" என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாள். ஆள் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். காகிதம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷமோ அறுபத்தொன்பதோ. எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இன்னும் பிறக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் மூன்றே பேர்: அவர், என் மாமியார், நான். கூடத்தில் பாதி இடம் தறிக்கு. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. புடவையில் பூவும் மயிலும் விழுவதற்கு இழைகளைத் தூக்கிக் கொடுக்கிற கனமான பெட்டி அது. உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஓட்டுச் சந்தில் ஒழுகிய தண்ணீர் கயிற்றிலேயே இறங்கி இறங்கி, உள்ளுக்குள் அது இற்றுப் போயிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தார் என்றால் நாடாவுக்குள், அதாவது குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டைக்குள், வைக்கிற சின்ன நூல் குழல். அவர் மிதியை அழுத்தினார். மேலே சடசடவென்று ஒரு சத்தம். பெட்டி அவருடைய வலது தோளில் விழுந்து, அங்கிருந்து மணிக்கட்டில் இறங்கி, தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலின் மேல் சாய்ந்தது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் காதிலேயே இருக்கிறது.

"பாவு அறுந்துடுச்சா பாரு."

மஞ்சள் பாவு. அரக்குக் கரை. கோயிலில் சாமி கல்யாணத்துக்குப் போக வேண்டிய புடவை, கால்வாசி நெய்தாகியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். தோளில் தோல் கிழிந்த இடத்தில் மட்டும் சன்னல் மாதிரி வெட்டிவிட்டு, அந்தப் புண்ணுக்கு வாரத்துக்கு ஒருநாள் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எலும்பு கூடிவிடும், பயப்பட வேண்டாம் என்றார்கள். நாங்களும் கையை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வாயைப் பற்றி இனிமேல் சொல்ல வேண்டும். நெய்கிறவர்களுக்கு வாயும் ஒரு கருவிதான். அந்தக் காலத்து நாடாவில் ஓரத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். உள்ளே தாரை வைத்து, அந்தக் கண்ணில் உதட்டைப் பொருத்தி ஓர் உறிஞ்சு உறிஞ்சினால், இழை நுனி வெளியே வரும். தார் மாற்றும்போதெல்லாம் இப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று யாரும் எண்ணியதில்லை. பட்டு நூலில் வாய் படுகிறது என்பதால், பல் விளக்காமல் அவர் தறிக்குழியில் காலை இறக்கமாட்டார். கிணற்றடியில் உமிக்கரியை வைத்துக்கொண்டு அவர் பல் தேய்க்கிற நேரத்தில் நான் ரெண்டு குடம் இறைத்துவிடுவேன். "பல்லு வெளக்குறியா, பாத்திரம் வெளக்குறியா?" என்று மாமியார் கேலி செய்வார். என் வீட்டுக்காரர் சிரித்தால் பல் பளிச்சென்று இருக்கும். அதை நான் நேராகப் பார்த்ததில்லை. ஓரக்கண்ணால்தான்.

வலது கை கட்டுக்குள் போன மறுநாள் காலையில், உமிக்கரி டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இடது கை சும்மாதான் இருந்தது. ஆனால் அது கழுவுகிற கை. அதை வாயில் விட அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் வீடுகளில் யாருக்கும் வந்திருக்காது. நான் பக்கத்தில் போய், "நான் தேய்ச்சி விடட்டுங்களா?" என்று கேட்டேன். கிணற்றடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. வெறும் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். அது என் தப்பு. அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டு உள்ளே வைத்துச் செய்திருக்க வேண்டும்.

பத்து நாளில் கொப்பளிப்பதும் நின்றது. கஞ்சியும் குழைந்த சோறும்தான் சாப்பாடு, நான்தான் ஊட்டினேன். அது பல்லிடுக்கில் தங்கிப் புளித்தது. ஈறு வீங்கிச் சிவந்தது. வாயைத் திறந்தால் எனக்கே மூச்சை அடக்க வேண்டியிருந்தது. ஒருநாள் கூட்டாளிகள் ரெண்டு பேர் பார்க்க வந்தார்கள். பாயில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேச்சு நடுவில் கொஞ்சம் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். அப்புறம் துண்டால் மூக்கைத் துடைக்கிற மாதிரி அதை மூக்கிலேயே பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

அன்றிலிருந்து தோள் துண்டு அவர் வாய்க்கு வந்தது. பேச்சு நின்றது. என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். அப்புறம் அதுவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். தறியைப் பார்க்கமாட்டார். "வலிக்குதாங்க?" என்று கேட்டால், கேட்டது நான்தானா, வேறு யாராவதா என்று பார்ப்பது போல் ஒரு பார்வை. கிணற்றுப் பக்கம் தனியாக எழுந்து போனால் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். எதற்குப் போகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மாமியாருக்கும் தெரியும், அவரும் சொன்னதில்லை. தறிக்கு வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை மாமியார்தான் எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார்.

எலும்பு கூடும் என்றார்கள். இந்த மனிதர் கூடுவாரா என்பதுதான் எனக்குப் பயம். அதற்கு எந்த டாக்டரிடம் போவது என்று தெரியவில்லை. அந்த நோய்க்குப் பெயரே எங்களுக்குத் தெரியாது. "மனசு விட்டுட்டான்" என்பார்கள், அவ்வளவுதான்.

வாரா வாரம் கட்டு மாற்றப் போகிறபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. கை ஒடிந்தவர், விரல் போனவர், தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடப் போய்ப் பாதம் நசுங்கினவர் என்று எல்லாரும் வேலை செய்கிற இடத்தில் அடிபட்டவர்கள்தான். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, எனக்குத் திடீரென்று ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழெட்டு ஆண்களில் பாதிப் பேர் வாயில் துண்டு வைத்திருந்தார்கள். கால் அடிபட்டவர்கூட. எல்லாருடைய கண்ணும் தரையில்.

கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். முசரவாக்கத்துக்காரர். ரைஸ் மில்லில் பெல்ட் இழுத்து, வலது கை முழங்கையோடு போய்விட்டது. என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னாம்மா, அண்ணனுக்கு வாயில இன்னா அடி?"

"வாயில அடி இல்லீங்க. தோளுலதான்."

"அப்ப துண்டு எதுக்கு? திருடனா அவரு, மூஞ்சிய மூடிக்கினு போறதுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் விடவில்லை.

"கோச்சிக்காதம்மா. நானும் அஞ்சு மாசம் இப்டித்தான் மூடிக்கினு கெடந்தேன். என் சம்சாரம் ஒருநாளு மொறத்த எடுத்துக்கினு வந்துட்டா. 'கை மில்லுல போச்சி சரி, வாயையும் அங்கயே வுட்டுட்டு வந்தியா'ன்னு கேட்டா. இப்பப் பாரு." பல்லை ஈ என்று காட்டினார். முன்பல் ஒன்று இல்லை. மீதி எல்லாம் வெள்ளையாக இருந்தன. "இந்தப் பீச்சாங்கையாலதான். மொதல்ல கொமட்டுச்சி. சோப்புப் போட்டுக் கழுவுனா எந்தக் கையும் கைதாம்மா."

பெஞ்சில் ரெண்டு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் துண்டுக்கு மேலே அவர் கண் ஒரு தடவை அந்த வெட்டுப்பட்ட கைக்குப் போய்விட்டு வந்தது.

கட்டு மாற்றுகிற நர்ஸம்மாவிடம், புண் ஏன் இன்னும் ஆறவில்லை என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டதே பெரிய விஷயம்.

"சாப்பிடாத ஒடம்புல புண்ணு எப்டிம்மா ஆறும்? வாய் இவ்ளோ நாறுது, இதுல சோறு எப்டி எறங்கும்? வீட்ல நீ எதுக்கு இருக்க?" என்றார்.

திட்டுத்தான். ஆனால் மாட்டுவண்டியில் திரும்பி வரும்போது நான் முடிவு செய்துவிட்டேன். கையைப் பற்றியும் மனசைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. வாய் கண்ணுக்குத் தெரிகிற இடம். விரலுக்கு எட்டுகிற இடம். அதைச் செய்வது.

மறுநாள் காலையில் கதவைச் சாத்தினேன். சொம்பில் வெந்நீர், ஒரு தட்டில் உமிக்கரி. அவர் முன்னால் உட்கார்ந்து துண்டை எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் திருப்பினார். நானும் இந்தப் பக்கம் வந்தேன். அப்படியே நாலைந்து தடவை. கடைசியில் உதட்டுக்குள் விரலை விட்டேன், பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். என் விரல் நுனி நடுவில் மாட்டிக்கொண்டது.

"கடிச்சிக்கோங்க. நான் எடுக்கமாட்டேன்" என்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்தான் விட்டார். அன்றைக்கு முன்பல் மட்டும் தேய்த்தேன்.

வெளியே வந்தால் மாமியார் நிற்கிறார்.

"கதவ சாத்திக்கினு இன்னாடி கூத்து? புருஷன் வாயில வெரல வுடுறவ ஊருல உண்டா? தொட்டில்ல கெடக்குற கொழந்தையா அவன்?"

"கொழந்தையா இருந்தா நீங்க செஞ்சிருப்பீங்க அத்தே" என்றேன். நாலு வருஷத்தில் நான் அவருக்குச் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அது. சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

 மூன்றாம் நாள் உமிக்கரி டப்பாவைத் திறந்தால், கரி மாவு மாதிரி இருக்கிறது. உப்பும் கலந்திருக்கிறது. "நறநறன்னு இருந்தா ஈறு கிழியும். மல்லுத்துணியில சலிச்சேன்" என்று முற்றத்திலிருந்தே சொன்னார். அதற்குப் பிறகு நான் கதவைச் சாத்தினால், அவர் வெளியே முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்குவார். யாராவது வந்தால், "உள்ள கட்டு மாத்துறாங்க, அப்பறம் வா" என்று அனுப்பிவிடுவார்.

இப்படி ரெண்டு வாரம். ரத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் தார் சுற்றிக் கொடுக்கிற வீடுகளில் ஒன்று சாயக்காரர் வீடு. தெலுங்குக்காரர்கள், என்னை வதினா, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவார்கள். அந்த வீட்டு அம்மா, "படிகாரத் தண்ணில கொப்பளிக்கச் சொல்லு வதினா, ஈறு கெட்டிப்படும்" என்று சாயச் சாமான் அலமாரியிலிருந்து ஒரு கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் கொண்டுவந்து மாடத்தில் வைத்தேன்.

அந்த மாடத்தில் ஏற்கெனவே இன்னொரு பொட்டலம் இருந்தது. பச்சைப் பட்டு நூலின் பசை போக, சோப்போடு சேர்த்து வேகவைக்கிற சோடா. அதுவும் அதே வீட்டிலிருந்து வந்தது, அதே பேப்பர். இதுவும் வெள்ளைக் கட்டி, அதுவும் வெள்ளைக் கட்டி. பட்டு வேகவைக்கிற ஊரில் இல்லாமல் வேறெங்காவது இருந்தால் இந்தத் தப்பு எனக்கு வந்திருக்காது. நான் எந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன் என்று அவர் வாயில் ஊற்றுகிற வரைக்கும் தெரியாது.

ஒரு வாய் எடுத்தார். கண் பிதுங்கியது. புஸ்ஸென்று என் முகத்திலேயே துப்பிவிட்டு எழுந்து நின்றார்.

"அடியே! இது வாயா, பட்டு வேவ வெக்கிற பானையா?"

தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வார்த்தை இல்லாத வாய். வெளியே முறம் விழுகிற சத்தம். மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"யார்ரா கத்துனது?"

"உன் மருமவதாம்மா என்னக் கொல்றா!"

மாமியார் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அழுகையும் இருந்தது. "கொல்லட்டும்டா, கொல்லட்டும். இன்னும் நாலு தடவ கொல்லட்டும்" என்றார். நான் மோரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கொப்பளிக்கக் கொப்பளிக்க என்னைத் திட்டினார். அவ்வளவு திட்டும் எனக்குத் தேனாக இருந்தது. முகத்தில் துப்பியதைக்கூட நான் துடைக்க மறந்துவிட்டேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். மறுநாள் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆனால் சோடா பட்ட அன்றைக்கு வாய் எரிச்சலில், உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி அவராகவே வாயைத் திறந்திருந்தார். சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சோடா சுட்டது கொஞ்சம்தான். வலது பக்கம் கீழ் வரிசைக் கடைவாயில் ஒரு பல்லின் அடியில் கோலிக்குண்டு மாதிரி வீக்கம், நுனியில் மஞ்சளாகச் சீழ். அது எத்தனை நாளாக இருந்ததோ. அவர் சொல்லவே இல்லை.

அந்த வாரம் பல் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "இதோட எப்டிய்யா தூங்குன? வலிக்குதுன்னு சொல்லலியா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொல்லி இன்னா ஆவப் போவுது" என்றார் என் வீட்டுக்காரர். தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்தப் பல்லு இருந்தா இன்னா, போனா இன்னா."

டாக்டர் ஊசியை எடுக்கத் திரும்பினார். அப்போது நான் பேசினேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "டாக்டர் ஐயா, இவருக்குப் பல்லு மட்டும் இல்லீங்க. மனசே எழுந்திருக்க மாட்டேங்குதுங்க. கை ஒடிஞ்சதுலர்ந்து இவரு இவரா இல்லீங்க. அதுக்கு இன்னா மருந்துன்னு சொல்லுங்க. தெனம் ரெண்டு வேளையும் நான் குடுக்குறேன்."

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.  டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்.

"அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லம்மா. பல்ல எடுத்துடறேன், சீழ் போய்டும், தூக்கம் வரும், சோறு எறங்கும். நீ வாயச் சுத்தம் பண்றத நிறுத்தாத. ஆனா எல்லாத்தையும் நீயே செஞ்சிடாத. அவருக்கு ஒரு கை நல்லாதான் இருக்குது" என்றார்.

பல்லை எடுத்தார்கள். சோறு இறங்கியது. கார்த்திகை முடிந்து மார்கழியில் தோள் புண் காய்ந்தது. தை மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் மடங்கின. ஆனால் தோள் மார்பு உயரத்துக்கு மேல் எழவில்லை. நாடாவை வீசும் வேகம் அந்தக் கைக்கு வராது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. துண்டு மறுபடியும் வாய்க்கு வந்தது. இப்போது நாற்றம் இல்லை. ஆனாலும் வந்தது.

நான் தறியில் உட்கார்ந்தேன். எங்கள் அப்பா வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் கோர்வைப் பக்கம் உட்கார்ந்து பழக்கம் உண்டு. கரை வேறு நிறம், உடல் வேறு நிறம் என்றால் ஒரு ஆள் நடுநாடாவை ஓட்ட, இன்னொரு ஆள் ஓரத்தில் உட்கார்ந்து கரைநாடாவைக் கோத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் கோர்வை. நடுநாடா ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. ஓரத்துக்கு ஆள் இல்லாமல் அதையும் நானே எட்டி எட்டிக் கோத்தேன். கூட்டாளிகள் வந்து பெட்டியைப் புதுக் கயிற்றில் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். மிதியை அழுத்தினால் மேலே பெட்டி அசைகிற சத்தத்தில் என் கண் தானாக அந்தக் கயிற்றுக்குப் போய்விடும். ஆனாலும் அழுத்தினேன்.

தார் தீர்ந்தது. புதுத் தாரை வைத்து உறிஞ்சினேன். இழை வரவில்லை. பலமாக உறிஞ்சினேன், பஞ்சுத் தூசி தொண்டைக்குள் போய் இருமல் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தடவையும் இருமினபோது பாயிலிருந்து குரல் வந்தது.

"நாடாவா அது, நாதஸ்வரமா? அப்டியா புடிப்பாங்க?"

எழுந்து வந்தார். துண்டு தோளுக்கு இறங்கியிருந்தது. இடது கையால் நாடாவை வாங்கி, உதட்டில் வைத்து லேசாக ஓர் உறிஞ்சு. இழை வெளியே வந்தது. என்னிடம் நீட்டும்போது ரெண்டு பேரும் பார்த்தோம். மஞ்சள் இழை நுனியில் ஒரு முழத்துக்குச் சிவப்பு ஏறியிருந்தது. ஈறிலிருந்து வந்த ரத்தம்.

நாடாவைத் தறிமேல் வைத்தார். "சாமி கல்யாணத்துக்குப் போற பொடவ இல்ல இது? எடுத்துப் போட்டுடு" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

நான் அந்த முழ இழையை மட்டும் அறுத்தேன். மீதியில் நெய்தேன். தார் மாற்றும்போதெல்லாம் இருமினேன். அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் கூடவே இருமினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். காலையில் கதவைச் சாத்தி அவர் வாயைத் தேய்ப்பதையும் விடவில்லை. "எதுக்கு இன்னும்?" என்று கேட்டார். "இழை வெள்ளையா வர்ற வரைக்கும்" என்றேன். "மஞ்ச இழை எப்டி வெள்ளையா வரும்?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் பதில் சொன்னார் அல்லவா.

நாலாம் நாள் காலையில் நான் வெந்நீர் கொண்டுபோனபோது பாய் காலியாக இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. சொம்பைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். அவர் துவைகல்மேல் உட்கார்ந்திருந்தார். சோப்புக்கட்டியை வைத்துக்கொண்டு இடது கையை மணிக்கட்டு வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மறுபடியும் கழுவினார். பிறகு இடது ஆள்காட்டி விரலால் உமிக்கரியைத் தொட்டு வாயில் வைத்தார். குமட்டியது. துப்பினார். திரும்பவும் வைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாண்ணா, பீச்சாங்கையாலயா?" என்று கேட்டே விட்டாள்.

"ரைஸ் மில்லுக்காரன் ஒருத்தன் சொன்னாம்மா, சோப்புப் போட்டா எந்தக் கையும் கைதான்னு" என்றார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் காது அடைபட்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் நாள் பிடித்தது. தினம் ஒரு பழைய தாரை வைத்து அவரே உறிஞ்சிப் பார்ப்பார். முதலில் முழம், அப்புறம் சாண், அப்புறம் ஒரு பொட்டு. பொட்டு ஒரு வாரம் நின்று அடம் பிடித்தது. நானும் மாமியாரும் எங்கள் எங்கள் வேலையைச் செய்வது போல் பாவனை செய்துகொண்டு, கண்ணை அங்கேயே வைத்திருப்போம்.

மாசியில் ஒருநாள் காலையில் இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் அம்மாவிடம் நீட்டி, "உனக்குக் கண்ணு நல்லா தெரியும், நீ பாரு" என்றார். மாமியார் இழையை விரலால் உருவினார். "மஞ்சதான். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

அவர் நடு இடத்தில் உட்காரவில்லை. கோர்வைப் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஓரத்து நாடாவுக்குத் தூக்கி வீசுகிற தோள் வேண்டாம், இடது கை போதும். வீட்டுத் தலைவர் ஓரத்தில், பெண்பிள்ளை நடுவில். பார்த்தவர்கள் பேசினார்கள். ஒருவர் வாசலில் நின்றுகொண்டு, "இன்னாப்பா, முதலாளியம்மாகிட்ட வேலைக்குச் சேந்துட்டியா?" என்று கேட்டார். இவர் பல் தெரியச் சிரித்து, "ஆமாப்பா. கண்டிப்பான அம்மா, வாய் கழுவலைன்னா உள்ள வுடமாட்டாங்க" என்றார். அந்தச் சிரிப்பை அன்றைக்கு நேராகவே பார்த்தேன். கடைவாய்ப் பல் போன இடம் தெரிந்தது.

அந்த மஞ்சள் புடவையை நெய்து இறக்கினோம். ரெண்டு பேருடைய நாடாவுக்கும் அவரே இழை உறிஞ்சிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் மழைக்காலம் வந்தால், தோள் குடைந்தால், துண்டு சில நாள் வாய்க்கு ஏறும். அந்த நாட்களில் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வெந்நீரும் உமிக்கரியும் முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வருகிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன். அப்படி ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

இதில் தப்பு இருக்கும். பெட்டி விழுந்தது ஐப்பசியா, கார்த்திகை பிறந்துவிட்டதா என்று சந்தேகமாக இருக்கிறது. எடுத்தது மேல் வரிசைப் பல்லா கீழ் வரிசையா என்பதும் மாறியிருக்கலாம், நான் பார்த்தபடி கீழ் என்று எழுதிவிட்டேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் என்று எழுதினேன், எண்ணிப் பார்க்கவில்லை. சாயக்காரர் வீட்டு அம்மாவின் மகள் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். அவள் அம்மா கொடுத்தது படிகாரம்தானா, வேறு பெயரா என்று அவளுக்குத் தெரியும். அந்த முசரவாக்கத்துக்காரருக்கு எந்தக் கை போனது என்பதையும், அந்த ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் கேட்டு, நான் எழுதியது தப்பென்றால் திருத்திவிடுங்கள். அவர் சொன்ன வார்த்தையை மட்டும் மாற்ற வேண்டாம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.